மகாதேவன் பார்த்த கார்லா

மாதுங்காவில் கிங்ஸ் சர்க்கிளைத் தாண்டி இரண்டாவது சந்தில் இருந்த அந்த மூன்று மாடிக் கட்டடத்தில், யாருக்கு எந்த ஊரைப் பற்றித் தெரிய வேண்டுமானாலும் மகாதேவனிடம்தான் போவார்கள். போகாதவர்களிடம் அவரே வருவார். கோட்டைப் பகுதியில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஹெட் கிளார்க். சாயங்காலம் வீடு திரும்பி, காபி குடித்து, வராந்தாவில் ஈஸிசேரைப் போட்டால், சிவாஜி கட்டிய கோட்டைகளும் மலையைக் குடைந்த குகைகளும் ஒவ்வொன்றாக வெளியே வரும். அவர் மனைவி பாகீரதி மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கும்போதுகூட, "எங்காத்துக்காரர் கால் படாத குகை கிடையாது" என்று சொல்லிவிட்டுத்தான் விலை கேட்பாள்.

அவர் வாழ்க்கையில் ஏறிய மிகப் பெரிய உயரம் அந்தக் கட்டடத்தின் மூன்றாவது மாடிதான் என்பது மகாதேவன் ஒருவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

நடந்தது இவ்வளவுதான். முப்பத்தொன்பதாம் வருஷம், யுத்தம் ஆரம்பிப்பதற்கு முன்னால், ஆபீஸ்காரர்கள் பத்துப் பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்லா குகையைப் பார்க்கக் கிளம்பினார்கள். மகாதேவனும் போனார், புது பூட்ஸ் போட்டுக்கொண்டு. மளவ்லி ஸ்டேஷனில் இறங்குவதற்குள் இரண்டு குதிகாலும் கொப்புளித்துவிட்டன. மற்றவர்கள் மலைக்குப் போனார்கள். இவர் பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து, எல்லோருக்குமாகக் கொண்டுவந்த எலுமிச்சம்பழ சாதத்தில் பாதியைத் தின்றுவிட்டு, ரயில்வேக்காரர்கள் போட்டிருந்த படப் புத்தகம் ஒன்றைப் புரட்டினார். அதில் கார்லா குகையின் படம் இருந்தது. நீளமான மண்டபம். இரண்டு பக்கமும் தூண்கள். கோடியில், வட்டமான பீடத்தின் மேல் உருண்டு திரண்டு ஒரு கல். கீழே என்ன எழுதியிருந்தது என்று அவர் படிக்கவில்லை. படிக்க என்ன இருக்கிறது? பாலக்காட்டில் பிறந்தவனுக்கு சிவலிங்கம் தெரியாதா?

வீட்டுக்கு வந்ததும் பாகீரதி, "என்ன பார்த்தேள்?" என்று கேட்டாள். ஸ்டேஷன் பெஞ்சைப் பார்த்தேன் என்று எந்தப் புருஷனால் சொல்ல முடியும்? "ஒரு சிவன். ரெண்டாள் உசரம்" என்றார். அந்த தீபாவளிக்கு சிவன் மூன்றாள் உயரம் ஆனார். அடுத்த வருஷம் அகஸ்தியர் வந்து அவருக்குப் பூஜை செய்துவிட்டுப் போனார். யுத்த காலத்தில் ஊரே விளக்கணைத்துக் கிடந்தபோது, அந்தக் குகையில் மட்டும் சூரிய வெளிச்சம் நேரே சுவாமியின் நெற்றியில் விழுந்துகொண்டிருந்தது.

இதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, எதிர் வீட்டு வேங்கடசுப்ரமணியனுக்கு டைபாய்டு வரும்வரை.

நாற்பத்தாறாம் வருஷ மழைக்காலம். மனிதருக்கு ரயில்வே ஆடிட் ஆபீஸில் வேலை. பதினெட்டு நாள் ஜுரம் இறங்கவில்லை. டாக்டர் வந்து நாடியைப் பார்த்து, "இருபத்தோரு நாள் ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார். அவர் போன பிறகு மனைவி வாலாம்பாள் கதவோரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழக்கூட இல்லை. அதைப் பார்க்க மகாதேவனுக்குப் பொறுக்கவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று வாய் தானாகத் திறந்தது.

"பயப்படாதேங்கோ மாமி. கார்லாவிலே ஒரு சிவன் இருக்கார். வேண்டிண்டா கைவிட்டதே இல்லை. நான் பிரத்யட்சமா பார்த்தவன் சொல்றேன்."

வாலாம்பாள் அங்கேயே மஞ்சள் துணியில் ஒரு நாணயத்தை முடிந்தாள். புருஷன் எழுந்து நடந்தால், அவரையும் அழைத்துக்கொண்டு மலையேறி, நூற்றெட்டுப் பிரதட்சிணம் செய்து, பாலாபிஷேகம் பண்ணுவதாக வேண்டிக்கொண்டாள். நான்காம் நாள் ஜுரம் இறங்கிற்று.

நாற்பத்தேழு ஜனவரியில் வேங்கடசுப்ரமணியன் பழையபடி கோட்டு மாட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போகத் தொடங்கியதும், வாலாம்பாள் எதிர் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணா, வர ஞாயித்துக்கிழமை கார்லா போறோம். நீங்கதான் அழைச்சிண்டு போகணும்."

மகாதேவன் ஈஸிசேரில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இப்போ பனி ஜாஸ்தியாச்சே மாமி."

"கம்பளி எடுத்து வச்சாச்சு."

"படி நானூறு இருக்கும். இவருக்கு இப்பத்தான் ஒடம்பு தேறியிருக்கு."

"எழுப்பி விட்ட சுவாமிக்கு ஏத்தி விடத் தெரியாதா?"

"எனக்கு ஆபீஸிலே கணக்கு முடிக்கிற சமயம்…"

"ஞாயித்துக்கிழமையுமா?"

கடைசி ஆயுதமாக, "அந்தக் காட்டிலே புலி உண்டு" என்றார்.

உள்ளிருந்து பாகீரதி கரண்டியோடு வந்தாள். "புலியா? எட்டு வருஷமா எங்கிட்டே ஒரு வார்த்தை சொல்லலையே! நீங்க போனப்போ பார்த்தேளா?"

பார்த்தேன் என்றால் இன்றைக்கு ராத்திரிக்குள் கட்டடம் முழுவதும் புலி உலாவும். பார்க்கவில்லை என்றால் போக வேண்டும். மகாதேவன் டிக்கெட் வாங்கப் போனார்.

ஐந்து பேர் கிளம்பினார்கள்: இரண்டு தம்பதிகள், வாலாம்பாளின் பெண் ஷ்யாமளா. ஷ்யாமளாவுக்குப் பதினாறு வயது. மெட்ரிக் படிக்கிறாள். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஹிந்தியும் மராத்தியும் தண்ணீர் பட்ட பாடு. ரேஷன் அரிசியில் புளியோதரை, தயிர் சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, ஒரு வெள்ளிக் கூஜா, கற்பூரம், தேங்காய், வாலாம்பாளின் மடிப் பட்டு. தாதரில் பூனா பாசஞ்சரில் ஏறியதும் மகாதேவன் ஜன்னலோரம் உட்கார்ந்து வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாமல் வந்தது எல்லோருக்கும் ஆச்சரியம்.

"சுவாமி தரிசனத்துக்கு முன்னாடி மௌனம் போலிருக்கு" என்றாள் பாகீரதி பெருமையாக.

கர்ஜத் தாண்டி வண்டி மலையில் ஏறத் தொடங்கியது. ஷ்யாமளா கேட்டாள்: "மாமா, குகை வாசல்லே நாலு சிங்கம் வச்ச தூண் ஒண்ணு உண்டாமே. எங்க ஹிஸ்டரி டீச்சர் சொன்னா. அது வலப் பக்கமா, எடப் பக்கமா?"

அப்படி ஒரு தூண் படத்தில் இல்லை. "வலப் பக்கம்" என்றார் மகாதேவன், வலது கையையே காட்டி.

மளவ்லியில் இறங்கியபோது அந்த பெஞ்சு அதே இடத்தில் இருந்தது. அவர் அதைப் பார்க்காமல் நடந்தார். ஸ்டேஷனுக்கு வெளியே பால்காரரிடம் கூஜா நிறையப் பால் வாங்கிக்கொண்டு, மாட்டு வண்டி பிடித்து, அடிவாரம் சேர்ந்தார்கள். படியேறும்போது வேடிக்கை என்னவென்றால், டைபாய்டில் கிடந்தவர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். வழிகாட்டி கடைசியில் வந்தார்.

"என்ன ஓய், எட்டு வருஷத்துக்கு முந்தி ஏறின கால் எங்கே போச்சு?" என்று மேலிருந்து கேட்டார் வேங்கடசுப்ரமணியன்.

"அப்போ படி இவ்வளவு இல்லை" என்றார் மகாதேவன். மூச்சு வாங்கியதில் அவருக்கே என்ன சொன்னோம் என்று தெரியவில்லை.

உச்சியில் நல்ல கூட்டம். கோலி மீனவக் குடும்பங்கள், பெண்கள் தலை நிறையப் பூவும் மூக்கில் நத்துமாக. மேளச் சத்தம். கூட்டம் போகிற பக்கம்தான் சுவாமி இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு மகாதேவன் அவர்கள் பின்னாலேயே நடந்தார். "இதோ, நம்ம சுவாமி!" என்று கையைக் காட்டினார். வாலாம்பாள் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணைத் திறந்தாள். செந்தூரம் பூசிய முகமும் பெரிய கண்களுமாக, கோலிகளின் குலதெய்வமான ஏகவீரா தேவி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கிழவரின் கக்கத்திலிருந்த கோழி, பாகீரதியின் புடவைத் தலைப்பைக் கொத்திப் பார்த்தது.

"ஏன்னா," என்றாள் பாகீரதி மெதுவாக, "சிவன்னு சொன்னேளே?"

"முதல்லே அம்பாள். அப்புறம் சுவாமி. அதுதானே கிரமம்?"

அது கிரமந்தான். வாலாம்பாள் ஒப்புக்கொண்டாள், நன்றாகவே சேவித்தாள். ஷ்யாமளா மட்டும் வெளியே வந்து, குகை வாசலின் இடப் பக்கத்தில் நின்ற சிங்கத் தூணைப் பார்த்தாள். பிறகு மகாதேவனைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

குகைக்குள் முதலில் நுழைந்தவர் அவர்தான். வழிகாட்டி அல்லவா. நுழைந்தவர் நின்றுவிட்டார்.

படத்தில் கட்டை விரல் நீளம் இருந்த மண்டபம் இங்கே ஒரு தெருவின் நீளம் இருந்தது. தூணுக்குத் தூண் அடியில் குடம், உச்சியில் மண்டியிட்ட யானைகள், யானை மேல் ஆணும் பெண்ணும். வாசலுக்கு மேலிருந்த குதிரை லாட ஜன்னலிலிருந்து வெளிச்சம் உள்ளே வந்து கோடியிலிருந்த அந்தக் கல்லில் படிந்திருந்தது. நெற்றியில் வெளிச்சம் விழுவதாக அவர் சொன்னது பொய். பொய் என்று நினைத்துத்தான் சொன்னார். அது அங்கே விழுந்துகொண்டிருந்ததைப் பார்த்தபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது.

வாலாம்பாள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தாள். ஒரு மறைவில் மடிப் பட்டைக் கட்டிக்கொண்டு வந்து, புருஷனை ஒரு தூணடியில் உட்கார வைத்துவிட்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டே சுற்ற ஆரம்பித்தாள். பாகீரதி கற்பூரத் தட்டை எடுத்தாள். அதற்குள் காக்கிக் கோட்டு போட்ட சர்க்கார் காவல்காரர் ஒருவர் ஓடி வந்தார்.

"அரே மாயி! யஹா கபூர் நஹீ ஜலானா! நாரியல் நஹீ, தூத் நஹீ!" கற்பூரம் கூடாது, தேங்காய் கூடாது, பாலும் கூடாது.

ஷ்யாமளா அவரோடு மராத்தியில் பேசினாள். காவல்காரர் நல்ல மனுஷர். கோபப்படவில்லை, விளக்கினார். மேலே காட்டினார், தூணைக் காட்டினார், கோடியைக் காட்டினார். ஷ்யாமளா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு மகாதேவனைத் தனியே அழைத்தாள்.

"மாமா, அது லிங்கம் இல்லை. ஸ்தூபம். புத்த சன்னியாசிகள் குடைஞ்சது. எனக்கு ரயில்லேயே சந்தேகம். கார்லா பௌத்தக் குகைன்னுதான் டீச்சரும் சொன்னா. நீங்க நேரே பார்த்தவராச்சேன்னு வாயை மூடிண்டிருந்தேன்."

மகாதேவன் கோடியிலிருந்த கல்லைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க பார்க்கவே இல்லை, இல்லையா?"

அவர் தலையை ஆட்டினார்.

"அம்மாகிட்டே நீங்க சொல்றேளா, நான் சொல்லட்டுமா? அம்மா சிவன்கிட்டே வேண்டிண்டிருக்கா. சிவன் இல்லேன்னா வேண்டுதல் நின்னு போயிடும். அப்பாவுக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட அதனாலேதான்னு நடுங்கிண்டிருப்பா."

இருபது வருஷமாக ஆபீஸில் மேலதிகாரிகளின் முகத்தைப் பார்த்து நின்றவருக்கு இப்படி ஒரு விசாரணை நடந்ததில்லை. "நானே சொல்றேன்" என்றார்.

வாலாம்பாள் ஸ்தூபத்தின் பின்புறமிருந்து வந்துகொண்டிருந்தாள். "நாப்பத்தொண்ணு."

"மாமி, ஒரு நிமிஷம் நில்லுங்கோ."

"நிக்கப்படாது அண்ணா. எண்ணிக்கை போயிடும்."

வேறு வழி? அவரும் கூடவே நடந்தார்.

"நான் ஒண்ணு சொல்லணும் மாமி. அன்னிக்கு நான் மலை மேலே வரலை."

"நாப்பத்திரண்டு."

"மளவ்லி ஸ்டேஷன்லேயே உக்காந்துட்டேன். கால் கொப்பளிச்சுடுத்து."

வாலாம்பாள் நடை குறையவில்லை. அவர் ஒரு தூணைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் மறுபடி சேர்ந்துகொண்டார். "படத்தைப் பார்த்து லிங்கம்னு நெனச்சேன். அகஸ்தியர் நானாச் சேர்த்தது."

"நாப்பத்தி மூணு."

"இங்கே சிவனே இல்லை. இது புத்த சன்னியாசிகளோடது. காவல்காரன் சொல்றான். ஷ்யாமளாவும் சொல்றா."

இந்தத் தடவை எண் வரவில்லை. வெறும் கால் தரையில் தேயும் சத்தம் மட்டும் வந்தது. முழுச் சுற்று முடிந்து வாசலுக்கு நேரே வந்தபோது அவள் முகத்தில் வெளிச்சம் பட்டது. மகாதேவன் அந்த முகத்தைப் பார்க்கத் துணியாமல் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்.

"நாப்பத்தி நாலு" என்றாள் வாலாம்பாள்.

அவள் நிறுத்தவுமில்லை, அவரைப் போகச் சொல்லவுமில்லை. போகலாமா கூடாதா என்று தெரியாமல் அவர் இரண்டடி பின்னால் சுற்றிக்கொண்டே இருந்தார். அறுபது, எழுபது, எண்பது. அவள் முதுகைப் பார்க்கவும் கூச்சமாக இருந்தது. அதனால் அண்ணாந்தபடியே நடந்தார். கூரையில் விலா எலும்பு போல வரிசையாக வளைந்த சட்டங்கள் ஓடின. முதலில் கல்லில் செதுக்கியது என்று நினைத்தார். தொண்ணூறாவது சுற்றில் அதில் வெடிப்பும் நரம்பும் தெரிந்தன. கல்லில் நரம்பு ஏது? தூணருகே நின்ற காவல்காரரிடம் கையால் கேட்டார். அவர், "லகடீ ஹை சாப், லகடீ. தோ ஹஜார் சால். சாகவான்" என்றார். மரம். தேக்கு. இரண்டாயிரம் வருஷம். மகாதேவன் வாயைப் பிளந்துகொண்டு நடந்ததில் ஒரு தூணில் போய் முட்டிக்கொண்டார்.

நூற்றெட்டு முடிந்ததும் வாலாம்பாள் நமஸ்காரம் பண்ணிவிட்டு, புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். அப்போதுதான் தூங்கி விழித்த வேங்கடசுப்ரமணியனும் பாகீரதியும் என்ன நடக்கிறது என்று புரியாமல் பார்த்தார்கள்.

"அண்ணா இந்த மலைக்கு வந்ததே இல்லையாம்" என்றாள் வாலாம்பாள், சாம்பாரில் உப்பு இல்லை என்று சொல்வது போல. "இன்னிக்குத்தான் முதல் தடவையாம்."

வேங்கடசுப்ரமணியன் சிரிக்கத் தொடங்கினார். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். பாகீரதி சிரிக்கவில்லை. எட்டு வருஷக் கத்தரிக்காய்க் கடைப் பேச்சு முழுவதும் அவள் முகத்தில் ஒரே நிமிஷத்தில் வந்து போயிற்று.

"தப்புத்தான் மாமி" என்றார் மகாதேவன்.

"தப்புத்தான். ஆனா அன்னிக்கு டாக்டர் குடையை எடுத்துண்டு போயிட்டார். நீங்க போகலை." வாலாம்பாள் கூஜாவைத் தன் பக்கம் இழுத்தாள். "சுத்தறேன்னேன், சுத்தியாச்சு. இங்கே யார் இருக்காளோ அவா பார்த்துண்டா. பால் சிவனுக்குன்னு சொன்னது. அது சிவனுக்குத்தான் போகணும். நாளைக்கு சோமவாரம். வாக்கு என்னோடது, பேச்சு உங்களோடது. நம்ம மாதுங்கா கோவில்லே பாலாபிஷேகம் உங்க பேர்லே. நூத்தியெட்டுப் பிரதட்சிணமும் நீங்கதான்."

"நூத்தியெட்டுமா?"

"இங்கே அறுபதுக்கு மேலே சுத்தினேளே, கால் ஒடிஞ்சா போச்சு?"

நாளை வரை தாங்காது என்று, கொண்டுவந்த பாலை ஷ்யாமளாவும் காவல்காரரும் ஆளுக்கு இரண்டு தம்ளர் குடித்தார்கள். புளியோதரை காவல்காரருக்கு மிகவும் பிடித்தது. திங்கட்கிழமை விடியற்காலை மகாதேவன் ஈர வேஷ்டியோடு கோவிலைச் சுற்றியதைப் பார்த்தவர்கள் பலர். காரணம் கேட்காமல் இருக்க மாதுங்காவில் யாருக்கு முடியும்? பத்து மணிக்குள் மூன்று மாடிக்கும் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஈஸிசேரைச் சுற்றி வழக்கத்தைவிட அதிகம் பேர் கூடினார்கள். கேட்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு. மகாதேவன் இனி நிஜத்தை மட்டுமே பேசுவது என்று தீர்மானித்திருந்தார்.

"கூரையிலே நிஜ மரம் இருக்கு. ரெண்டாயிரம் வருஷத்து மரம்."

வராந்தாவே குலுங்கச் சிரித்தது. "எங்காத்து ஜன்னல் ரெண்டு மழைக்குத் தாங்கலை!" என்றது ஒரு குரல். "அகஸ்தியர் வச்சிருப்பார்" என்றது இன்னொன்று. வாலாம்பாளைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். "நான் எண்ணிண்டிருந்தேன், அண்ணாந்து பார்க்கலை" என்றாள் அவள் நேர்மையாக. வேங்கடசுப்ரமணியன் தூணடியில் தூங்கிப்போயிருந்தார். ஷ்யாமளா வாசலுக்குப் போய் அங்கே செதுக்கியிருந்த யானைகளைப் பார்த்துக்கொண்டிருந்தவள். பாகீரதி கற்பூரத் தட்டையும் கூஜாவையும் விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அண்ணாந்து பார்த்தவர் உலகத்திலேயே மகாதேவன் ஒருவர்தான். அவர் பேச்சை நம்ப அங்கே ஒருவரும் இல்லை.

பாகீரதி அவரோடு பேசி மூன்று நாளாயிற்று. காபி வரும், தட்டில் சாதம் விழும், வார்த்தை வராது. நான்காம் நாள் ரசம் பரிமாறும்போது கேட்டாள்.

"அந்த மரம்… நிஜந்தானா?"

"நிஜம்."

"என்ன மரம்?"

"தேக்கு." ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, கையை நிறுத்திச் சொன்னார். "மரம்னு நான் பார்த்தேன். வெடிப்பு தெரிஞ்சது, நரம்பு தெரிஞ்சது. தேக்குன்னு காவல்காரன் சொன்னான். ரெண்டாயிரம் வருஷம்கிறதும் அவன் சொன்னதுதான். எனக்குத் தெரியாது."

பாகீரதி ரசக் கரண்டியைக் கையில் பிடித்தபடி அவரையே பார்த்தாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் 'எனக்குத் தெரியாது' என்று அவர் சொல்லி அவள் கேட்டதில்லை.

மறுநாள் காலை குழாயடியில் யாரோ மரத்தைப் பற்றிச் சிரிப்பை ஆரம்பித்தார்கள். பாகீரதி குடத்தைக் குழாயின் கீழ் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எங்காத்துக்காரர் மரம்னு பார்த்திருக்கார். வெடிப்பு இருக்கு, நரம்பு இருக்கு. அது தேக்குன்னு காவல்காரன் சொன்னது. எத்தனை வருஷம்னு கேக்கணும்னா அவனைப் போய்க் கேளுங்கோ."

தண்ணீர் நிரம்பி வழிந்தது. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் மாடிப்படி ஏறினாள். சிரித்தவர்கள் தங்கள் குடங்களை முன்னால் நகர்த்தினார்கள். ஒருத்தி மட்டும், மளவ்லிக்கு டிக்கெட் என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.